தப்பாகச் செய்ய ஒரு வயது

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிஃபின் என்ற உளவியலாளர் 1948 வாக்கில் ஒரு பலகையை உருவாக்கினார். பலகையில் இரண்டு வரிசையாகத் துளைகள், வரிசைக்கு 25. தலைமாட்டில் உள்ள குழிகளில் சின்னச் சின்ன உலோக ஊசிகள். 30 விநாடிக்குள் எத்தனை ஊசியை எடுத்துத் துளையில் செருக முடிகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான் சோதனை. தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்க உருவான அந்தப் பலகையைப் பிறகு மருத்துவர்களும் குழந்தை உளவியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணும் விரலும் மூளையும் எந்த வயதில் எந்த அளவுக்குச் சேர்ந்து இயங்குகின்றன என்று அளக்க இன்றும் அது பயன்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையைவிடப் பத்து வயதுப் பிள்ளை வேகமாகச் செருகும். பத்து வயதைவிடப் பதினைந்து வயது வேகம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் இந்தப் பலகையைப் பார்த்ததில்லை. ஆனால் ஏறக்குறைய இதே வேலையை ஒரு தலைமுறைக்கும் மேலாகச் செய்திருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் (ஆலையை அங்கே ஆபீஸ் என்பார்கள்) கட்டை அடுக்குவது என்றால், பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, மேலே இன்னொரு சட்டம் போட்டு, மறுபடியும் குச்சி வைத்து, கட்டை நிறைந்ததும் இறுக்கி, மருந்து முக்கும் இடத்துக்கு அனுப்புவது. முடித்த கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சோதனைக்கு 30 விநாடி. ஆபீஸில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்.

இந்த வேலைக்குப் பிஞ்சு விரல்தான் வாகு என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. முதலாளிகளோடு அது நின்றுவிடவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், தீக்குச்சி உற்பத்தி நடக்கும் இடத்தில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று சொன்னது. கூடவே, தயாரான பொருளைப் பிரித்தெடுத்துக் கட்டுவதற்கு அவர்களுடைய மென்மையான கைகள் பொருத்தமானவை என்றும் ஏற்றுக்கொண்டது. அதே வேலையைச் செய்யும் பெரியவரின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம் பிள்ளைகளுக்கு என்று வகுத்தது. பலகைச் சோதனையின் முடிவுகளை யாராவது அங்கே எடுத்து வைத்திருந்தால் மென்மையான கைகள் என்ற வாதம் நின்றிருக்காது. குழந்தைப் பருவத்தில் விரலின் நுட்பம் வயதோடு கூடுகிறது. வட இந்தியக் கம்பள நெசவை 1990களில் ஆராய்ந்த டெபோரா லெவிசனும் அவருடைய குழுவினரும் இதையே கண்டார்கள்: நுணுக்கமான முடிச்சுப் போடுவதில் பிள்ளைகள் பெரியவர்களைவிட மேலானவர்கள் இல்லை. பிள்ளைகளிடம் குறைவாக இருந்தவை கூலியும் எதிர்ப்புமே.

ஸ்மிது கோத்தாரி 1983இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை சிவகாசியை நாட்டின் பார்வைக்குக் கொண்டுவந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சுமார் 45,000 பிள்ளைகள் என்று அவர் எழுதினார். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள், அவர்களில் 2,941 பேர் பிள்ளைகள் என்று 1990 தீர்ப்பு பதிவு செய்கிறது. பதிவுக்குள் வராத சிறு கூடங்களையும், பெட்டி ஒட்டும் வேலை நடந்த வீடுகளையும் சேர்த்து எண்ணினால்தான் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம் புரியும். விடியுமுன் ஊருக்குள் ஆபீஸ் பஸ் வரும். பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவதற்கென்றே ஊரில் ஓர் ஏஜென்ட் இருப்பார். ஏறியவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்த வாழ்வைப் பதிவு செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று அதே மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பைவிடக் கடுமையான முடிவுக்கு வந்தது: ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும்.

இந்த நீண்ட வாதத்தில் உடம்பு பேசப்பட்டது, சட்டம் பேசப்பட்டது, கூலி பேசப்பட்டது. மருந்துத் தூசியும் தீப்புண்ணும் பேசப்பட்டன, பேசப்படத்தான் வேண்டும். ஆனால் ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் சிந்தனையில் என்ன நிகழ்கிறது, கட்டையின் முன் உட்கார்ந்திருந்தவர்களிடம் அது என்ன ஆயிற்று என்ற கேள்வி ஓரமாகவே இருந்துவிட்டது.

அந்தப் பிள்ளைகள் எதையுமே கற்கவில்லை என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெரேசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் மூவரும் தெருவில் காய்கனியும் பண்டமும் விற்கும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் வெளிவந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர், 9 முதல் 15 வயதுவரை. ஒரு தேங்காய் 35 குரூசைரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் பத்தால் பெருக்கவில்லை, பின்னால் பூஜ்யமும் சேர்க்கவில்லை. மூன்று காய்க்கு 105 என்பது அவனுக்குத் தெரியும். இன்னும் மூன்று சேர்த்து 210, இன்னும் மூன்று 315, மிச்சம் ஒன்று, ஆக 350 என்று கூட்டிக்கொண்டே போனான். தெருவில் இப்படிக் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களைப் பள்ளிக்கூட முறையில் வெறும் கூட்டல் கழித்தலாகக் கேட்டபோது சரியானவை 37 சதவீதம். 2025இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோரின் குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சுமார் 1,400 பிள்ளைகளைப் பற்றி எழுதியதும் ஏறக்குறைய இதே கதை. அதன் மறுபாதி இன்னும் யோசிக்க வைப்பது: பள்ளி மட்டுமே அறிந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

சிவகாசிப் பக்கத்து வீடுகளில் பெட்டி ஒட்டிய காலத்தில் கணக்கு குரோஸில்தான் ஓடியது. ஒரு குரோஸ் என்றால் 144. ஒட்டிக் காயப்போட்டது 97 என்றால் இன்னும் எத்தனை ஒட்டினால் குரோஸ் முடியும்? வாய்க்கணக்கின் வழி ரெசிஃபி பையனுடைய வழிதான்: 97க்கு மேல் மூன்று வைத்தால் நூறு, மேலே 44, ஆக 47. இதே கணக்கை நோட்டில் மேலும் கீழுமாக எழுதிக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் செய்யும் ஒரு தப்பு உண்டு. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவார்கள். 4இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 4, மூன்று. 9இலிருந்து 4, ஐந்து. முன்னால் இருக்கும் 1 அப்படியே இறங்கும். விடை 153.

144இலிருந்து எடுத்த பிறகு 153 மிச்சம். திண்ணையில் பெட்டிகளின் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது. ஒரு குரோஸுக்கு மேல் மிச்சம் எப்படி வரும் என்று தானே கேட்டுவிடும். நோட்டில் எழுதும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே எண்கள் பெட்டிகளாக இல்லை, சும்மா இலக்கங்களாக இருக்கின்றன. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியைப் பற்றி உளவியல் நூறாண்டாகத் தோண்டிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி 47க்கும் 153க்கும் நடுவில்தான் கிடக்கிறது.

சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 1920 வாக்கில் பாரிஸில் இருந்தார். பினேயின் சோதனைக்கூடத்தில், தியோடர் சீமோனின் கீழ், அறிவுத் தேர்வுக் கேள்விகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு எந்த வயதுக்கு எத்தனை சரி என்று தரப்படுத்தும் வேலை அவருக்கு. சரியான விடைகளை எண்ணுவதுதான் கொடுக்கப்பட்ட வேலை. அவருடைய மனமோ தப்பான விடைகளில் போய் நின்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்களே, ஏன்? பிள்ளைகளிடம் உட்கார்ந்து, எப்படி இந்த விடை வந்தது என்று கேட்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் எழுதியவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை. பிள்ளை குறைவாகத் தெரிந்த பெரியவர் இல்லை, வேறு மாதிரி யோசிக்கிறவர் என்பதை உலகம் அவரிடமிருந்து கேட்டுக்கொண்டது.

1978இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் கழித்தல் கணக்குகளில் பிள்ளைகள் செய்யும் தப்புகளைக் கணினியில் பிரித்துப் பார்த்தார்கள். கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் ஒதுக்கியவற்றில் பல, பிள்ளை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்தவை. 144இலிருந்து 97ஐக் கழித்து 153 என்று எழுதிய பிள்ளை, 63இலிருந்து 48ஐக் கழித்தால் 25 என்று எழுதும். முன்கூட்டியே சொல்லிவிடலாம். நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான்: நூறு என்றால் 100, அதன் பின்னால் 5. நான்கு வயதில் “நாளைக்கு ஆச்சி வீட்டுக்குப் போனோம்ல” என்று ஒரு குழந்தை சொன்னால் சிரிக்கிறோம். இன்று இல்லாத இன்னொரு நாள் என்ற எண்ணம் அதற்கு வந்துவிட்டது, அது முன்னாலா பின்னாலா என்பது இன்னும் படியவில்லை. அந்தச் சொல்லைத் தப்பு என்று மட்டும் பார்த்தால் குழந்தை ஏறி வந்த தூரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இப்போது கட்டைக்குத் திரும்பலாம். கட்டை அடுக்கும் வேலையில் தப்பு செய்ய வழி உண்டா? குச்சி பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் கட்டை தள்ளுபடி, கூலி போயிற்று. மருந்து இருக்கும் இடத்தில் தப்பு செய்தால் கையே போகும், உயிரே போகும். வேறு மாதிரி அடுக்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்று சோதிக்க ஒரு நிமிடம் கிடையாது. முதல் சில வாரங்களில் விரல் நிறையக் கற்கும். அதன் பிறகு விரலுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, மூளைக்கு அங்கே வேலை இல்லை. பழகிய செயல் தன்னால் நடக்க, வேகம் மட்டும் கூடும். ஒன்பது வயதில் கற்று முடித்ததையே பதினான்கு வயதுவரை செய்வது என்பதுதான் அந்த வேலையின் உள்ளடக்கம்.

எல்லாக் கைவேலையும் இப்படி இல்லை. பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை ஒன்றில் ஒரே அளவான இரண்டு களிமண் உருண்டைகளைக் காட்டி, ஒன்றைக் கண்ணெதிரே நீளமாக உருட்டிவிட்டு, இப்போது எதில் மண் அதிகம் என்று கேட்பார்கள். ஆறு வயதுவரை பல பிள்ளைகள் நீளமானதைக் காட்டுவார்கள். பிரைஸ்-வில்லியம்ஸும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1969இல் மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் மண்ணின் அளவு மாறவில்லை என்பதை முன்னதாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். மண்ணைப் பிசைந்து, பானையாக்கி, சரியில்லை என்று உடைத்து, மறுபடி உருண்டையாக்கிப் பழகிய கை. உடைத்து மறுபடி ஆக்கலாம் என்பதுதான் அங்கே முக்கியம்.

இதை இன்னும் துல்லியமாகக் காட்டியவர் பெட்ரீஷியா கிரீன்ஃபீல்டு. மெக்சிகோவின் சினகந்தான் என்ற மாயா மக்கள் ஊரில் பெண் பிள்ளைகள் நெசவு கற்பதை அவர் 1970 வாக்கில் படம்பிடித்தார். அப்போது நூல் அருமையான பொருள். தாய் பக்கத்திலேயே இருந்து, சிக்கல் வரும் இடத்தில் தானே கையை நீட்டி நெய்துகொடுத்துவிடுவாள். பிள்ளை தப்பு செய்ய விடமாட்டாள். பாரம்பரியமாக வந்த ஒரு சில வடிவங்களே நெய்யப்பட்டன. இருபது ஆண்டு கழித்து 1990களின் தொடக்கத்தில் அவர் திரும்பப் போனபோது ஊரில் வணிகம் பெருகியிருந்தது. நூல் விலைக்கு எளிதாகக் கிடைத்தது. பிள்ளைகள் தாங்களே தறியில் உட்கார்ந்து, தப்பு செய்து, பிரித்து, மறுபடி நெய்து கற்றுக்கொண்டிருந்தார்கள். புதுப்புது வடிவங்கள் பெருகியிருந்தன. தப்பின் விலை குறைந்ததும் கற்கும் முறை மாறியது, அதோடு புதியதை யோசிக்கும் துணிவும் வந்தது. அங்கேயும் இங்கேயும் வந்தது வணிகம்தான். அங்கே தறி பிள்ளையின் வீட்டில் இருந்தது, துணி முழுதும் அவள் கண்ணெதிரே வளர்ந்தது. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது பள்ளமும் குச்சியும். தன் கட்டை அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைக்கூடப் பலர் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

விளையாட்டைப் பற்றிப் பேசாமல் இந்த வயதைப் பற்றிப் பேச முடியாது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் வாசல் கதவில் தொற்றிக்கொண்டு அதை பஸ்ஸாக ஓட்டுகிறார்கள். தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இலக்கியமாக அந்தக் கதையின் இடம் தெரிந்ததுதான். உளவியலின் பக்கமிருந்து பார்த்தாலும் அது கூர்மையானது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், குச்சியைக் குதிரையாக்கி ஓடும் குழந்தையை எடுத்துக்கொண்டு, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கும் முதல் பயிற்சி அதுவே என்றார். கதவு பஸ் ஆகலாம் என்றால், பிறகு ஒரு கோடு ‘க’ என்ற ஒலி ஆகலாம், ஒரு வளைவு ஐந்து என்ற எண்ணிக்கை ஆகலாம். எழுத்துக்கும் கணக்குக்கும் போகும் பாதை விளையாட்டின் வழியாகத்தான் போகிறது.

பியாஜே 1932இல் வெளியிட்ட நூலுக்காக ஜெனீவா, நூஷாத்தேல் பிள்ளைகளிடம் கோலி விளையாட்டின் விதிகளைக் கேட்டார். விருதுநகர்த் தெருவில் கேட்டிருந்தாலும் இதே பதில்கள் வந்திருக்கும் என்று நம்பலாம். ஐந்தாறு வயதில் ஒவ்வொருவரும் தன் போக்கில் ஆடுவார்கள். ஏழெட்டு வயதில் விதி வேண்டும் என்று தோன்றும், ஆனால் அது பெரியவர்கள் போட்டது, தொடக் கூடாதது. பத்து, பதினொன்றில் ஒரு பெரிய மாற்றம் வருகிறது. ஆடுகிறவர்கள் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்பது புரிகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தைவிட விதியைப் பற்றிச் சண்டை போடும் நேரமே அதிகம். அந்தச் சண்டையில்தான் நியாயம் என்பதைப் பேசிக் கற்கிறார்கள். சரியாக அந்தப் பத்து, பதினொரு வயதில் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், விதி பற்றி வாய் திறக்கவே முடியாத ஓர் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பறிபோனவற்றில் இதையும் எண்ண வேண்டும். படிப்பைப் பிற்பாடு இரவுப் பள்ளியில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். பத்து வயதில் போட வேண்டிய அந்தச் சண்டையை முப்பது வயதில் போட முடியாது.

பசியும் இதில் சேர்ந்ததுதான். பன்னிரண்டு வயதையொட்டிப் பள்ளியை விட்டு, மாமாவின் துணிக்கடைக்குப் போன ஒரு விருதுநகர்ப் பையன் 1954இல் முதலமைச்சரானார். அவர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து ஊரார் நடத்திய பள்ளி. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது முன்வைத்த நியாயம் எளிமையானது: பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. உளவியலும் ஊட்டச்சத்து அறிவியலும் அந்த வழியில் பிறகு வெகுதூரம் போயின. குவாத்தமாலாவின் கிராமங்களில் 1969 முதல் 1977வரை குழந்தைகளுக்குச் சத்துக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் அதைக் குடித்தவர்கள் முப்பது வயதை ஒட்டியும் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வுகளில் மேலே இருந்தார்கள்.

காலம் மாறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆபீஸ் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிச் சீருடையில் போகிறார்கள். 2018 பிளஸ் டூ தேர்வில், சிவகாசியும் சாத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டம் 97.05 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. இந்த மாவட்டத்துக்கு முதலிடம் புதிதில்லை, பல ஆண்டுகளாகவே அது பழக்கமான இடம். அதே 2018இல்தான் மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரத்தோடு விருதுநகரும் சேர்க்கப்பட்டது. தேர்வில் முதலிடமும் பின்தங்கிய பட்டியலும் ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்துக்கு. அந்தத் தேர்ச்சிக்காக உழைத்த ஆசிரியர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். பெற்றோர் பட்டாசு ஆபீஸில் இருக்க, அவர்களுடைய பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்தான்.

ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. அதிகாலை வகுப்பு, மாலை வகுப்பு, திரும்பத் திரும்ப மாதிரித் தேர்வு, எந்தக் கேள்வி எத்தனை மதிப்பெண் என்ற மனப்பாடம். இங்கே பழக்கப்படுவது மறுபடியும் வேகம். தப்புக்கு மறுபடியும் விலை. மானு கபூர் என்ற கற்றல் ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் காசியாபாத் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தினார். ஒரு பகுதியினருக்கு இயற்பியலில் ஒழுங்கான, தெளிவான கணக்குகளைக் கொடுத்தார். இன்னொரு பகுதியினருக்குக் குழப்பமான, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத கணக்குகள். இரண்டாமவர்கள் தடுமாறினார்கள், விடைக்கு வந்து சேரவும் இல்லை. ஆனால் பிறகு வைத்த தேர்வில், எளிய கணக்கிலும் சிக்கலான கணக்கிலும் அவர்களே முந்தினார்கள். தடுமாறிய நேரம் வீணாகவில்லை. விடையை முதலிலேயே கையில் கொடுத்துவிடும் வகுப்பில் அந்த நேரத்துக்கு இடமே இல்லை.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இதற்கு மாற்றான ஒரு முயற்சி நடந்தது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளிலிருந்து கற்றுக்கொண்டு, 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பாட அட்டைகளின் ஏணிப்படியில் தன் அட்டை எங்கே இருக்கிறது என்று பிள்ளையே பார்த்து, தானே எடுத்து, தன் வேகத்தில் போக முடிந்தது. சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். அட்டைகள் தீர்ந்துபோனது, பதிவேடுகள் பெருகியது, பெற்றோர் நோட்டில் எழுத்தைத் தேடியது என்று அதன் சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லலாம். அந்தத் தாழ்வான கரும்பலகை மட்டும் எவ்வளவு நல்ல யோசனை! முந்தைய தலைமுறையின் சிலேட்டும் அப்படித்தான் இருந்தது. கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால் தப்பு போன இடம் தெரியாது. இன்று ஒன்றாம் வகுப்பிலேயே நோட்டும், தப்பின் மேல் சிவப்பு மையும்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2021இல் அது சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டது. குரோஸ் கணக்கை வாயில் வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண், எண்ணும் எழுத்தும் ஒன்றிலிருந்து தொடங்கும் பாடத்தின் முன் வந்து உட்கார்ந்த இடம் அந்தச் சிறப்புப் பள்ளி. வைகாட்ஸ்கி 1934இல் வெளிவந்த தம் நூலில் இரண்டு வகைக் கருத்துகளைப் பிரித்தார். அன்றாட அனுபவத்திலிருந்து மேல்நோக்கி வளர்பவை ஒரு வகை, பள்ளியில் சொல்லித்தந்து கீழ்நோக்கி இறங்குபவை இன்னொரு வகை. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். 144இலிருந்து 97 போக மிச்சம் 47 என்பதை அந்தப் பெண் தன் வழியில் சொல்ல, நோட்டில் உள்ள கழித்தல் ஏன் அதே 47க்கு வருகிறது என்று ஆசிரியர் காட்டினால் அந்தச் சந்திப்பு நடக்கும். வேலைத்தளத்திலிருந்து வந்த பிள்ளையை ஒன்றும் தெரியாதவளாக எண்ணித் தொடங்கினால் நடக்காது.

பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் லண்டனில் முப்பது பெண் குழந்தைகள் பேசியதைப் பதிவு செய்து 1984இல் வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி கேட்ட நான்கு வயதுக் குழந்தைகள் மழலைப் பள்ளியில் கேட்டவை மணிக்கு இரண்டு. தொழிலாளர் வீட்டுத் தாய்மார்களும் அந்தக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார்கள். பட்டாசு ஆபீஸிலிருந்து சாயங்காலம் வந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டும் தாயிடமும் அந்தக் கேள்விகள் வருகின்றன. அவளுக்குத் தெரிந்தது நிறைய, நேரம்தான் இல்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அதே தெருவில் வசிக்கும் பெண்கள் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோது, பல ஊர்களில் இந்த இடைவெளி கொஞ்சம் நிரம்பியது.

பள்ளியிலும் சிக்கல் நேரம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். 153 என்று எழுதிய பிள்ளையிடம் அது எப்படி வந்தது என்று கேட்டு, அது இழுத்து இழுத்துச் சொல்லும் பதிலை முழுதாகக் காதில் வாங்க மூன்று நிமிடமாவது வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு முப்பது பிள்ளைகள் என்றால் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த ஒன்றரை மணி நேரம் கால அட்டவணையில் எழுதப்பட வேண்டும்; அந்த நேரத்தில் பதிவேடு நிரப்பச் சொல்லி யாரும் ஆசிரியரை அழைக்கக் கூடாது. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் விடியற்காலையிலும் அந்தியிலும் நேரம் கண்டுபிடித்த மாவட்டத்துக்கு மூன்றாம் வகுப்புக்கும் அதைக் கண்டுபிடிக்க முடியும்.